புதிய தலைவருக்கு நான் போட்ட ஜாதகம்

கிரகங்களுக்கு விடுமுறை கிடையாது. அதனால் ஜோதிடனுக்கும் கிடையாது.

ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் என் அறை. இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் கோத்தா திங்கியில் ஒரு நில அளவையாளரிடம் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு எல்லைக்கோடு போட்ட அதே ஸ்கேலால்தான் இன்றும் ராசிக்கட்டம் போடுகிறேன். மத்தியானத்தில் மழை பிடித்துக்கொண்டால் யாரும் வர மாட்டார்கள். கட்டத்தைப் பார்த்தபடியே கண் சொருகும். அப்போது கட்டங்கள் லேசாக அசையும், கிரகங்கள் ஒன்றோடொன்று ஏதோ பேசிக்கொள்ளும், டயர் கடையின் காற்று மெஷின் சத்தம் எங்கோ வானத்திலிருந்து வருவதுபோல் கேட்கும். நீங்களும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுத்தவர் கவலையைக் கேட்டே காலத்தை ஓட்டுகிறவர் என்றால், இந்தச் சுகமும் தெரியும், இதற்குப் பிறகு சொல்லப்போகிற சங்கடமும் தெரியும்.

பெட்ரோலுக்கு ஜாதகம்

தேர்தல் முடிந்து புதிய தலைவர் பதவி ஏற்ற வாரத்திலேயே என்னிடம் வருகிறவர்களின் கேள்வி மாறிவிட்டது. வழக்கமாகக் கல்யாணம், வீடு, பிள்ளையின் படிப்பு. அந்த வாரம் எல்லாரும் நாட்டைப் பற்றிக் கேட்டார்கள். தலைவர் தொலைக்காட்சியில் பேசிய பேச்சு அப்படி. தென் ஜொகூரில் புதிய தொழில் வட்டாரம் வரும், சிங்கப்பூர்ச் சம்பளம் இங்கேயே கிடைக்கும், இனி யாரும் விடியுமுன் எழுந்து சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டி ஓட வேண்டியதில்லை என்றார். மெல்லிய குரல் அவருக்கு. கேட்கக் கேட்க எனக்கே கண்ணுக்குள் ஏதோ வெளிச்சம் வந்தது.

முனியாண்டி என்று ஒரு வாடகைக்கார் ஓட்டுநர். முப்பத்தொரு வயது. இரண்டு பெண்களின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு, எது பொருந்தும் என்று பார்க்க வந்திருந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் ஜாதகத்தை விரித்தேன். அவர் இரண்டையும் மெதுவாக ஓரமாகத் தள்ளி வைத்தார். முகத்தில் அப்படி ஒரு ஆவல்.

"பொண்ணு எங்கயும் போயிடாது ஐயா. புதுத் தலைவரு வந்திருக்காரே, பெட்ரோல் ஜாதகம் என்ன சொல்லுது, அதப் பாருங்க முதல்ல."

வெள்ளத்தில் நனைந்த நேரம்

பிறந்த நேரம் இல்லாமல் நான் எந்த ஜாதகத்திலும் கை வைப்பதில்லை. பிறக்கும்போது கிழக்கே எந்த ராசி எழுகிறதோ அதுதான் லக்னம். அங்கிருந்துதான் ஒன்று, இரண்டு என்று வீடுகளை எண்ண வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்துக்கு ஒரு லக்னம் மாறும். லக்னம் மாறினால் அத்தனை கிரகமும் பெட்டி படுக்கையோடு அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விடும். நல்லவேளை, நம் நாட்டில் சூராட் பெரானாக்கிலேயே, அதுதான் பிறப்புப் பத்திரத்திலேயே, மணி எழுதியிருக்கும்.

கோத்தா திங்கியிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. புதிய தலைவரின் திட்டத்தில் தோட்டத்து மக்களுக்கும் வீடு உண்டாம், தன் கணவருக்கு அந்த யோகம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். பத்திரத்தைக் கொடுத்தார். ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருடம் நனைந்து காய்ந்த காகிதம் அது. மணி இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு மேகம் மட்டும் இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இருவரும் வெகுநேரம் பார்த்தோம். ஒரு மனிதன் பிறந்த நேரம் தண்ணீரில் கரைந்து, ஆற்றோடு போய், இந்நேரம் கடலில் கலந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு ஏனோ மனசு கனத்தது. அந்த அம்மாவுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

"தெரியலன்னா பரவால்லலா ஐயா, எது பணக்கார நேரமோ அதையே போட்டுருங்க."

ஐந்து திட்டம், ஒன்பது கிரகம்

யோங் பெங்கில் இரும்புக்கடை வைத்திருக்கும் வள்ளியப்பச் செட்டியார் எதையும் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசுவார். செட்டிநாட்டிலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். தலைவரின் பேச்சை நோட்டில் ஐந்து அம்சமாகப் பிரித்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். தெப்ராவில் இன்னொரு கடை திறக்கலாமா, திறந்தால் எப்போது என்பது அவருடைய யோசனை. "ஒவ்வொரு திட்டத்துக்கும் எந்தக் கிரகம் பொறுப்பு, அதச் சொல்லிருங்க. அப்பறம் யாரக் கும்பிடணும்னு நான் பாத்துக்கறேன்" என்றார்.

இப்படி என்னை யாரும் கேட்டதில்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ரயில் பாதைக்குச் செவ்வாயைப் போட்டேன். துறைமுகத்துக்குச் சந்திரன். கணினிக் கிடங்குகளுக்குப் புதன். சிறு வியாபாரிகளுக்கான பயிற்சிக்குக் குரு. தொழிற்சாலைகளுக்குச் சனி. சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கு எல்லாம் தெரிய ஆரம்பித்தது. செவ்வாய் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்தபடி நடக்கிறார். சந்திரன் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு கப்பலுக்குக் கை காட்டுகிறார். சனி தொழிற்சாலை வாசலில் பாதுகாவலர் சட்டையோடு நிற்கிறார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார். வெளியே மழை விட்டிருந்தது. நான் பேச்சை நிறுத்தி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. செட்டியார் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"திட்டம் அஞ்சு, கிரகம் ஒன்பது. மிச்ச நாலு பேரு வேலை இல்லாம என்ன பண்றாங்க ஜோசியரே?"

கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு

செட்டியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பக்கத்துக் கோயிலின் செயலாளர் ராஜமாணிக்கம் வந்து, ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் பேச வேண்டும் என்றார். தலைப்பும் அவரே வைத்துவிட்டார்: 'புதிய தலைவரின் பொருளாதாரத் திட்டங்கள்: ஒரு ஜோதிடப் பார்வை'. தலைவர் பிறந்த நாள் எல்லாருக்கும் தெரியும். பிறந்த மணி மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. பிரசவம் பார்த்த அம்மாவின் மகன் சொன்னதாம். வேறு வழியில்லை, அதையே கணினியில் தட்டினேன். ரிஷப லக்னம் என்றது. ரிஷபத்திலிருந்து எண்ணினால் சனி பதினொன்றில். பதினொன்று லாப ஸ்தானம்.

வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டு, பதினொன்றாம் வீட்டைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். இந்தச் சனி தொழிலாளர்களின் சனி, இவர் கொடுப்பவர், தொழிற்சாலைக் கதவுகள் தைக்குள் திறக்கும் என்றேன். மண்டபத்தில் சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றின. நூற்றுக்கணக்கான முகங்கள் பலகையைப் பார்த்த பார்வையில் நானும் கரைந்துவிட்டேன். பொய் சொல்கிறோம் என்று ஒரு துளியும் தோன்றவில்லை. சொன்ன ஒவ்வொன்றையும் நானும் நம்பினேன், ஆசைப்பட்டேன். பேசி இறங்கியதும் ராஜமாணிக்கம் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பட்ஜெட்ட இப்படிச் சொன்னா யாரு ஐயா தூங்குவா? டிவிலயும் உங்களையே உக்கார வைக்கணும்லா."

பரமேஸ்வரி

மறுநாளே ஒரு பெண் வந்தாள். முப்பத்தெட்டு வயதிருக்கும். பேர் பரமேஸ்வரி என்றாள். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாளாம். பதினோரு வருடமாகச் சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் பாலத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகளோடு நின்று, கடந்து, வேலை முடித்து, திரும்பவும் நின்று, கடந்து, வீட்டுக்கு வர ஒன்பதாகிவிடும். போகும்போதும் மகள் தூங்குகிறாள், வரும்போதும் தூங்குகிறாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையை வாரத்தில் ஐந்து நாள் தூங்கும்போது மட்டும்தான் பார்க்கிறாள். "எம் மக எம்புட்டு உயரம்னு எனக்குப் படுத்த வாக்குலதான் தெரியும் ஐயா" என்றாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை.

புதிய வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் பெயர் பதிந்து வைத்திருந்தாள். அங்கே இன்னும் மண் அடித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்களாம். சிங்கப்பூர் வேலையை இப்போதே விடலாமா, கூடாதா, அதுதான் கேள்வி. கணவர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரு சம்பளத்தில் சில மாதம் மூச்சைப் பிடித்து ஓட்டலாம், அதற்கு மேல் முடியாது. நான் தலைவரின் கட்டத்தை மறுபடி விரித்தேன். பதினொன்றில் சனி கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். "விடலாம்மா. தைக்குள் கதவு திறந்துவிடும்" என்றேன். அவள் கைப்பையிலிருந்து பேனாவையும் ஒரு துண்டுச் சீட்டையும் எடுத்தாள்.

"தைக்குள்ளன்னா, பொங்கலுக்கு முந்தியா பிந்தியா ஐயா?"

சண்முகநாதன் ஐயாவின் அழைப்பு

ஆறு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் நல்ல மழை, எனக்கு நல்ல மயக்கம். தொலைபேசி அடித்தது. சண்முகநாதன் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. ஒருவருக்கும் பலன் சொல்ல மாட்டார். ஆனால் ஜொகூரில் யார் கணக்குப் போட்டாலும் சரிபார்ப்பார். "தம்பி, உம்மட பேச்சு எனக்கும் இப்பதான் வாட்ஸ்அப்பில வந்து சேர்ந்தது. நல்லாத்தான் கதைச்சிருக்கிறீர். ஆனா தலைவர் எண்பத்திரண்டுக்கு முதல் பிறந்தவர் எல்லே? அரை மணித்தியாலத்தை எங்க விட்டனீர்?" என்றார்.

எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. எண்பத்திரண்டு பிறந்த இரவில், கடலுக்கு அப்பால் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று, தீபகற்பம் முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பழைய கணக்கு. என் மென்பொருளில் அதற்கென்று ஒரு சின்னக் கட்டம் உண்டு, அதில் டிக் வைக்க வேண்டும். இப்போது என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள் என்பதால் கை மறந்துவிட்டது. சுவரொட்டியில் தலைவரும் அவர்களில் ஒருவர்போல அவ்வளவு இளமையாகத்தான் இருந்தார். கடிகாரத்தைத் தள்ளியபோது எனக்குப் பதினோரு வயது. இரவு படுத்து, காலையில் எழுந்தால் அரை மணியைக் காணோம். அது எங்கே போயிற்று என்று அம்மாவைக் கேட்டு நச்சரித்தது நினைவிருக்கிறது. ஒரு நாட்டு மக்கள் அத்தனை பேரும் வாழாமல் விட்ட அரை மணி. அது எங்கேயாவது ஜொகூர் நீரிணையின் மேல் பனிபோல் நின்றுகொண்டிருக்கும் என்று அன்று நினைத்தேன். தொலைபேசியைக் காதில் வைத்தபடி இந்த மழை மத்தியானத்திலும் அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

டிக் வைத்துப் பார்த்தேன். ரிஷபம் போய் மிதுன லக்னம் வந்தது. பதினொன்றில் இருந்த சனி பத்துக்கு வந்துவிட்டார். பத்தில் சனி என்றால் வேலை நடக்கும், நிச்சயம் நடக்கும், ஆனால் மெதுவாக, மிக மெதுவாக. தையாவது மாசியாவது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது தலைவர் இல்லை, நாடும் இல்லை, பரமேஸ்வரியின் துண்டுச் சீட்டு. கட்டம் மாறியதை ஐயாவிடம் சொன்னேன்.

"கிரகத்தில பிழை இல்லைத் தம்பி, உம்மட மணிக்கூட்டிலதான் பிழை."

மன்னிப்புச் சுற்று

உடனே பரமேஸ்வரிக்கு அழைத்தேன். அவள் கொடுத்திருந்தது சிங்கப்பூர் நம்பர். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. மூன்று தடவை அழைத்தேன், மூன்று தடவையும் அதே குரல், அதே பொறுமை. சிங்கப்பூர் நம்பரை விட்டுவிட்டாள் என்றால் சிங்கப்பூரையே விட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

முகவரி கேட்கக் கோயிலுக்குப் போனேன். வாசலில் செட்டியார் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தெப்ராக் கடையைத் திறக்கவே இல்லையாம். மெதுவாக வரும் என்றால் சந்தோஷம், மெதுவாக வருவதைத்தான் நம்பலாம் என்று நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். ராஜமாணிக்கம் உறுப்பினர் பட்டியலில் முகவரியைத் தேடிக் கொடுத்தார். மண்டபத்தில் எல்லார் முன்னாலும் நின்று தப்பை ஒப்புக்கொள்கிறேன், எனக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள் என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அரை மணிதானே ஐயா? நம்ம கோயில்ல எந்த நிகழ்ச்சி அரை மணி தப்பாம ஆரம்பிச்சிருக்கு?"

ஏழாவது மாடி

இரவெல்லாம் சரியாகத் தூங்காமல், காலை ஆறரைக்கே அந்த அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டேன். இன்னும் முழுதாக விடியவில்லை. லிஃப்டில் ஏறும்போது சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். கதவு திறந்தே இருந்தது. வரவேற்பறைத் தரையில் பரமேஸ்வரி உட்கார்ந்திருந்தாள், அவள் முழங்கால்களுக்கு நடுவே பள்ளிச் சீருடையில் மகள். ஒரு பக்கம் பின்னி முடித்து ரிப்பன் கட்டியாகிவிட்டது, இன்னொரு பக்கம் கையில் இருந்தது. அந்தப் பிள்ளை வாயில் ரொட்டியோடு ஏதோ ஒரு டீச்சரைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தது. குழல்விளக்கு வெளிச்சம், தேங்காய் எண்ணெய் வாசம், சமையலறையில் கெட்டில் கொதிக்கிற சத்தம். ஒரு நிமிடம் நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணியைச் சொன்னேன், பத்தாம் வீட்டைச் சொன்னேன், தையில் எந்தக் கதவும் திறக்காது என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. வேலையை விட்டு மூன்று வாரம் ஆகிறது என்றாள். பழைய இடத்தில் அவள் மேசைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. புதிய வட்டாரத்தில் போன வாரம்கூடப் போய்ப் பார்த்தாளாம், இன்னும் மண்தான் அடிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், வியாழக்கிழமை நேர்முகம், சம்பளம் பாதிக்கும் குறைவு என்றாள். ஏதாவது செய்ய வேண்டுமே என்று, வியாழக்கிழமைக்கு நல்ல ஹோரை பார்த்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை அசைத்தாள். தரையில் கிடந்த சீப்பை எடுத்து, அதில் சிக்கியிருந்த மகளின் முடியை நிதானமாக உருவி விரலில் சுற்றினாள்.

"பயமாத்தான் இருக்கு ஐயா, இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க அன்னைக்குச் சரியாப் பாத்துச் சொல்லியிருந்தீங்கன்னா, நான் இந்நேரம் பாலத்துலதான் நின்னுக்கிட்டு இருப்பேன்."

இருபத்திரண்டு வருடத்தில் நான் போட்ட கணக்குகளில், நன்மை செய்ததாக ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னது அந்த ஒன்றைத்தான். அது தப்பாகப் போட்ட கணக்கு.